ரோஸ்மேரிக்கு மெழுகு

– வட்டமாத்தாங்க தேய்க்கிறேன். போனு ஆடுறதுல ஒங்களுக்கு அப்பிடித் தெரியுது.

– ஷாமிளா, இதுக்குப் பேரு வட்டமா? ரொட்டிக்கு மாவு பெசையிற மாதிரி இருக்கு. அமுத்தாத. கைய லேசா விடு.

– லேசா விட்டா ஊத்த போவுதா?

– அமுத்துனா ஊத்தையோட சேந்து தோலும் போயிரும் புள்ள. அந்த நீலம் இருக்கே, அது நகத்து மொத்தந்தான். அதுக்குக் கீழ நூல் நூலா பைபர். நூலு வெளிய தெரிஞ்சா போட் செத்த மாதிரி.

– மூணு கெழமையா இதையேதான் சொல்றீங்க. எனக்குக் கனவுலயும் நூல் நூலா வருது.

– பரவாயில்லயே. புருஷன் வர வேண்டிய எடத்துல நூலாச்சும் வருதே.

– புருஷன் கனவுல வந்தாலும் தேய்க்கிற வாட்டர் பேப்பரக் கையில வச்சுக்கிட்டுத்தான் வருவாரு. எட்டுநூறு முடிச்சியா, ஆயிரம் எடுத்தியான்னு...

– எடுத்தியா?

– எடுத்தேங்க! எட்டுநூறு, ஆயிரம், ஆயிரத்தஞ்சூறு, மூணு பேப்பரும் தண்ணி தொட்டுத் தேச்சு, கழுவி, காயவச்சு, இப்ப கட்டிங் கிரீம். என் வெரல்ல ரேகையே இல்ல. காலையில பிரட்டுல வேலைக்குப் பேர் பதிய அந்த மெஷினுல வெரல் வச்சா என்னய யாருன்னு கேக்குது.

– இங்க வேலையில போட்டுக்குப் பேப்பர் போட்டுப் போட்டு எனக்கும் அப்பிடித்தான். கேட்டுல நாலு தடவ வெரல் வச்சா ஒரு தடவ தொறக்கும். பிலிப்பீன்காரன் நின்னு சிரிப்பான்.

– நல்ல ஜோடிதான் போங்க. ரெண்டு பேருக்கும் ரேகை இல்ல.

– போனக் கொஞ்சம் கிட்ட கொண்டு போ... இன்னும்... அங்கதான். வெரலால ஒரு இழுப்பு இழு. வெள்ளையா மாவு ஒட்டுதா?

– ஒட்டல. இந்தா பாருங்க, சுத்தமா இருக்கு.

– அடியே!

– என்னங்க? என்ன ஆச்சு?

– போட்டுல ஒன் மூஞ்சி தெரியுது.

– எங்க... ஐயோ, ஆமாங்க! மூக்கு மட்டும் பெருசா தெரியுது.

– அது போட்டோட கொற இல்ல.

– போன வச்சிர்றேன்.

– ஏய், இரு இரு... சும்மா சொன்னேன். கெழமைக்கு ஒரு வெள்ளிதான் எனக்கு லீவு, அதையும் கட் பண்ணிறாத.

– மூஞ்சி தெரிஞ்சு என்னத்துக்கு? எழுதியிருக்கறது ரோஸ்மேரி பேருதானே. தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டி நிறுத்துக் குடுத்துட்டு, சோத்த வாயில போட்டும் போடாம வந்து நான் தேய்க்கிறேன். பேரு மட்டும் அவளுக்கு.

– நீர்கொழும்புக்காரன் அவன் பொண்டாட்டி பேர எழுதி வச்சிருக்கான். வாங்குன நான் என்ன பாவம் செஞ்சேன்?

– பொண்டாட்டின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?

– எவளோ ஒருத்தி... பேர மட்டும் அழிச்சிறாத. பேர மாத்துனா போட்டுக்கு ஆகாதுன்னு சொல்லித்தான் குடுத்தான்.

– ஹரி ஹரி, சரி, இருந்துட்டுப் போறா. எப்பிடியும் அவள முழுசா கையால தடவிட்டேன், இனி என்ன வெக்கம்... ஏங்க.

– ம்?

– ஆபீஸ்ல கேட்டாங்களா?

– என்னத்த?

– என்னத்தவாம்... கையெழுத்த. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு.

– ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம்னு சொன்னாங்களே.

– இன்னைக்கி வெள்ளி.

– எனக்கும் கலண்டர் தெரியும் புள்ள.

– போட மாட்டீங்கதானே?

– நீ மொதல்ல பேர் எழுதுன எடத்துக்குக் கீழ தேய். அங்க ஒரு திட்டு மங்கலா இருக்கு.

– கேட்டா இப்பிடித்தான், திட்டக் காட்டுவீங்க. போன தடவையும் இதே மாதிரிதான். எஞ்சினுக்குக் காசு சேந்தா வந்துருவேன்னு போனீங்க. நாலு வருஷமாச்சு.

– எஞ்சின் வாங்கியாச்சுல்ல.

– வாங்கியாச்சு. கட்டிலுக்குக் கீழ கெடக்கு. ராவுல திரும்பிப் படுத்தா பெட்ரோல் வாசம். கல்யாணம் கட்டி அஞ்சு வருஷத்துல நான் ஒங்களோட படுத்ததவிட அந்த எஞ்சினோட படுத்ததுதான் கூட.

– மெதுவா பேசு... பக்கத்து ரூம்ல றிஸ்மி இருக்கான்.

– அவருக்கும் கேக்கட்டும்... றிஸ்மி ஊரு நெலவரம் ஏதும் சொன்னாரா?

– அவனா? லீவுல யட்டியந்தோட்டைக்குப் போயிட்டு வந்ததுலருந்து தங்கச்சி கல்யாணச் சாப்பாட்டப் பத்தி மட்டுந்தான் பேசுறான். ஏன் கேக்குற?

– சும்மா கேட்டேன். நீங்க அவருகிட்ட குடுத்து விட்ட மெழுகு டின்ன அவங்க வீட்டுக் கடையில போய்த்தானே எடுத்தேன், அதான்.

– ஊருல என்ன புதுசு? குணே மாமாவோட ஓடம் ஓடுதா?

– ...ஓடுது.

– ஓட்டைய அடச்சாரா?

– அடச்சாரு... அடச்சாருன்னுதான் நெனைக்கிறேன்.

– அக்கரை டிவிஷன் ஆளுங்கெல்லாம் இன்னமும் ஆத்தக் கடக்க ஓடத்துக்காகத் தொட்டுபொலயிலதான் காத்துக்கெடக்காங்களா? மழைன்னா ஸ்கூல் புள்ளைங்க பாவம்.

– ஆமா... பாவந்தான். அதுக்குத்தானே நீங்க வரணுங்கிறேன். போட் சரியானா வந்து தொட்டுபொலயில ஓட்டுவேன், இனிமே பால் வெட்டப் போக மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?

– சொன்னேன்.

– போட் சரியாயிருச்சு.

– ஒரு பக்கந்தானே ஆயிருக்கு. போன அப்பிடியே ஆத்துப் பக்கம் திருப்பு, ஒருக்கா தண்ணியப் பாக்கணும்.

– ஆறு ஆறாத்தாங்க இருக்கு. பலா மரம் மறைக்கிது. சார்ஜும் எறங்குது...

– சரி, அப்ப மத்தப் பக்கத்தக் காட்டு.

– மத்தப் பக்கமா?

– ஆமா. போட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல.

– அந்தப் பக்கம் வெளிச்சம் பத்தாது.

– ரெண்டு மணி வெயில்ல வெளிச்சம் பத்தாதா?

– தறப்பாள் மூடியிருக்கு.

– தறப்பாளத் தூக்கு.

– தூக்கலாம்... எறும்பு இருக்கு.

– ஷாமிளா.

– என்னங்க?

– என்ன செஞ்சு வச்சிருக்க?

– ஏசக் கூடாது.

– ஏச மாட்டேன்.

– றிஸ்மி தங்கச்சி மேல சத்தியமா?

– அவ மேல நான் எதுக்கு சத்தியம் பண்ணணும்? காட்டு புள்ள!

– நீங்கதான் சொன்னீங்க, போனுல. ரெண்டு வருஷத்துக்கு முந்தி. வெயில் பட்டா சாயம் போயிரும், மேல ஏதாச்சும் ஒரு கோட் அடிச்சு வையின்னு. என்ன கோட்டுன்னு சொல்லல. நானும் கேக்கல.

– சரி, என்ன அடிச்ச?

– ரப்பர் பால்.

– என்னது!

– ரப்பர் பாலு. நிறுத்துக் குடுத்ததுக்குப் பொறவும் செரட்டையில கொஞ்சம் வடியும்ல, அதக் கொண்டாந்து தும்புத் தூரிகையால... ரெண்டு கோட். போன வருஷம் இன்னொருக்கா.

– என் ரோஸ்மேரிக்கு... ரப்பர் பாலா!

– பாத்தீங்களா, ஏசுறீங்க.

– ஏசலடி, கேக்குறேன். எந்த ஊருல போட்டுக்குப் பால் ஊத்துவாங்க? அது என்ன கோயில் செலையா?

– எனக்கு வேற என்னங்க தெரியும்? காலையில எந்திரிச்சா பால், ராவு படுத்தா கையில பால் வாசம். தண்ணி உள்ள போகாதது எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

– ...சரி. தறப்பாளத் தூக்கு. எப்பிடி இருக்குன்னு பாப்போம்.

– கண்ண மூடிக்கங்க.

– கண்ண மூடிட்டு எப்பிடி பாக்குறது?

– தூக்கிட்டேன்... பாருங்க. தறப்பாள் கிழிஞ்ச எடத்துல வெயில் பட்டுக் கறுத்துப் போச்சு. தார் மாதிரி ஒட்டுது. எலை, சருகு, எங்க வீட்டுக் கோழி மயிர் எல்லாம் அதுலதான் இருக்கு.

– கடவுளே... பல்லி கூட இருக்கு.

– அது பழசு.

– அந்த கறுப்பு எடத்த விடு. தறப்பாளுக்கு அடியில இருக்கறது எப்பிடி? மஞ்சளா இருக்கே, அதுல நகத்த விட்டுப் பாரு. உரியுதா?

– நகமா... இருங்க. ஓரத்துல கத்தி போட்டா... ஏங்க!

– என்ன?

– வருதுங்க! சீட் மாதிரி வருது! வாளியில ஒறஞ்ச பால் வர்ற மாதிரி அப்பிடியே...

– மெதுவா, மெதுவா இழு. ஒரே இழுப்புல இழுக்காத. அடியில என்ன இருக்கு? சீக்கிரம் காட்டு.

– நீலம்.

– காட்டு!

– நீலங்க... புது நீலம். நீங்க நீர்கொழும்புலருந்து லொறியில கொண்டாந்து எறக்குன அன்னைக்கி இருந்துச்சே, அதே நீலம்.

– கத்தியக் கீழ வச்சுட்டு இன்னும் கிட்ட காட்டு.

– இந்தா. தெரியுதா?

– தெரியுது.

– அப்ப ஏச மாட்டீங்களே?

– இங்க பணக்காரங்களோட யாட்டு போட்டுகள வெயில்லருந்து காப்பாத்த உரிச்செடுக்குற கோட்னு ஒண்ணு டின்னுல வருது. கப்பல்ல வருது. பூசுறதுக்கு எங்களுக்கு மூணு நாள் ட்ரெய்னிங் குடுத்தான். நீ செரட்டையில அத செஞ்சிருக்க.

– அப்ப நான் கெட்டிக்காரிதானே?

– கெட்டிக்காரிதான். அந்தக் கறுப்புக்கு மண்ணெண்ணெயத் துணியில தொட்டு, லேசா... லேசான்னா லேசா... தொடச்சு, சவுக்காரம் போட்டுக் கழுவிரு. இந்தப் பக்கத்துக்கு வாட்டர் பேப்பரே வேணாம். நேரா மெழுகுதான்.

– இது அப்பவே தெரிஞ்சிருந்தா மத்தப் பக்கத்துலயும் பாலையே ஊத்திருக்கலாம். அந்தப் பக்கத்துக்கு அன்னைக்கிப் பால் பத்தல. அதனாலதான் மூணு கெழமையா வெரலத் தேய்க்கிறேன்.

– மூணு கெழமையும் நல்லாத்தானே இருந்துச்சு?

– எது?

– நீ தேய்க்க, நான் பாக்க...

– ம். நல்லாத்தான் இருந்துச்சு. முந்தியெல்லாம் சாப்பிட்டியா, மழையா, அம்மா எப்பிடின்னு கேட்டு அஞ்சு நிமிஷத்துல வச்சிருவீங்க. இப்ப ரெண்டு மணித்தியாலம் பேசுறோம்.

– பேசுறது நான் எங்க? ஒன் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.

– கையில என்ன இருக்கு? வெட்டுக் காயமும் பாலும்.

– அதத்தான் பாப்பேன்.

– ...போங்க. மெழுகு டின்னத் தொறக்குறேன். மூடி இறுகிக் கெடக்கு. நீங்க இருந்தா ஒரு திருகுல தொறந்துருப்பீங்க... ஹா, தொறந்துருச்சு. நல்ல வாசங்க. வாழப்பழ வாசம்.

– பழந்துணியில கொஞ்சமா எடு. ஒரு தட்டம் அளவு எடத்துக்கு மட்டும் பூசு. புகை படிஞ்ச மாதிரி ஆகும், அதுவரைக்கும் தொடாத. பொறவு சுத்தமான துணியால தொட.

– நீங்க இப்பிடித்தான் பூசுவீங்களா, அங்க?

– கையில உறை போட்டுக்கிட்டு. எங்க கை அடையாளம் போட்டுல விழக் கூடாது. ஒரு நாளைக்கி மூணு போட் தேய்க்கிறேன் புள்ள. நாலு வருஷத்துல ஒண்ணுலயும் ஏறி ஒரு அடி தண்ணியில போனதில்ல. மொதலாளிமாரும் போறதில்ல. வருஷத்துல ரெண்டு நாள் வந்து, நின்னு படம் எடுத்துட்டுப் போயிருவாங்க. மிச்ச நாளெல்லாம் கட்டிக் கெடக்கும். நாங்க தேச்சுக்கிட்டே இருப்போம்.

– பாவமா இருக்கு.

– எனக்கா, போட்டுக்கா?

– ரெண்டுக்குந்தான்... புகை படிஞ்சிருச்சு. தொடைக்கட்டுமா?

– தொட. அதே மாதிரி வட்டமா... ஆங். இப்பத்தான் வட்டம் வருது ஒனக்கு.

– பளபளன்னு வருதுங்க. பலா எலை ஒவ்வொண்ணும் அதுல தெரியுது. நம்ம லயத்து வீடுகள்ல பாத்தவங்கெல்லாம் ஹரி லஸ்ஸனய், ரொம்ப அழகுன்னு கண்ணு வச்சுட்டுப் போறாங்க.

– ஒன் கைய அதுல வை. உள்ளங்கைய, முழுசா.

– வச்சுட்டேன்.

– எப்பிடி இருக்கு?

– வழுவழுன்னு... கொஞ்சம் சூடா. கோழி முட்டய கையில வச்ச மாதிரி.

– கன்னத்த வை.

– யாராச்சும் பாத்தா பைத்தியம்பாங்க.

– வையேன்.

– ...வச்சிட்டேன்.

– கொஞ்ச நேரம் அப்பிடியே இரு. போன அசைக்காத.

– ஏங்க... எனக்கு ஒங்களப் பாக்கணும் போல இருக்கு. போனுல இல்ல. சும்மா, வாசல்ல நீங்க செருப்பக் கழட்டிப் போடுற சத்தம் கேட்டாப் போதும்.

– எனக்கு மட்டும் என்ன... சாயந்தரம் கேம்ப்ல எல்லாரும் சாப்பிடுறப்ப நான் மாடியில போய் நிப்பேன். ஊருப் பக்கம் எதுன்னுகூடத் தெரியாது. ஒரு பக்கமா பாத்துக்கிட்டு நிப்பேன்.

– வந்தா மொதல்ல என்ன செய்வீங்க? சொல்லுங்க.

– எதுக்கு இப்ப?

– சொல்லுங்க. நான் மெழுகு பூசிக்கிட்டே கேக்குறேன்.

– வந்தா... ராவு எப்பிடியும் தூக்கம் வராது. வெள்ளென ஆறு மணிக்கு ரோஸ்மேரிய நாலு பேரா தூக்கிக்கிட்டுப் போய் எறக்குவோம். எஞ்சின பூட்டுவேன். நீ முன்னுக்கு ஒக்காரு. பனிப் பொகாரு தண்ணி மேல நிக்கும், ஒன் தல நனையும், நீ ஏசுவ. அக்கரையில ஸ்கூல் புள்ளைங்க வெள்ளச் சட்டையோட வரிசையா நிப்பாங்க. எஞ்சின் சத்தம் கேட்டதும் கத்துவாங்க. நான் அவங்களுக்காகவே ஒரு சுத்து சுத்தி...

– நிக்க மாட்டாங்க.

– ம்?

– அங்க புள்ளைங்க யாரும் நிக்க மாட்டாங்கங்க.

– ஏன் புள்ள அழுகுற?

– நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ரப்பர் பால் இல்ல, வேற. பெரிய பொய்.

– சொல்லு.

– பாலம் போட்டுட்டாங்க. தொட்டுபொலைக்குக் கொஞ்சம் மேல, தொங்கு பாலம். தொறந்து ரெண்டு மாசமாச்சு. புள்ளைங்க சைக்கிள உருட்டிக்கிட்டே ஸ்கூலுக்குப் போயிருதுங்க. பால் வாளியோட ஆளுங்க நடந்தே வர்றாங்க. குணே மாமா ஓடத்த வெறகுக்கு ஒடச்சிட்டாரு. இப்ப பாலத்து முக்குல தம்பிலி எளனி விக்கிறாரு.

– வீட்டுலருந்து தெரியுதா?

– இங்கருந்து திருப்பினா நேரா தெரியும். அதாங்க போன ஆத்துப் பக்கம் திருப்ப மாட்டேன்னேன். பலா மரம் ஒண்ணும் மறைக்கல.

– ஏன் சொல்லல?

– சொன்னா, போட்டுக்கு வேலை இல்லன்னு நீங்க கையெழுத்துப் போட்டுருவீங்கன்னுதான். போட் மினுமினுன்னு ஆயிட்டா ஆச வந்து ஓடி வந்துருவீங்க, வந்தப் பொறவு பாத்துக்கலாம்னு நெனச்சேன். லயத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஓடாத போட்டுக்கு எதுக்கு ஷாமிளா பவுடர் பூசுறன்னு... ஆனா நீங்க இப்ப அந்தப் புள்ளைங்க கத்துறத சொன்னீங்க பாருங்க, என்னால முடியலங்க. பொய்ய நம்பி நீங்க வரக் கூடாது.

– அழாத. கண்ணுல கைய வைக்காத, மெழுகு இருக்கு.

– ஞாயித்துக்கெழம அவங்க கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க. ரோஸ்மேரிய வித்துருவோம், இல்ல தண்ணி ஊத்தி மாட்டுக்கு வைப்போம். நீங்க பால் வெட்டுங்க, வெட்டாம சும்மா இருங்க, நான் வெட்டிப் போடுறேன். போட்டுக்காக வர வேணாம். எனக்காக வாங்க... வருவீங்களாங்க?

– பாலம் எனக்குத் தெரியும் புள்ள. தொறந்த அன்னைக்கே றிஸ்மிக்கு ஊர்லருந்து படம் வந்துச்சு, ரிப்பன் வெட்டுற எடத்துல செவப்புச் சேலையில நீயும் நிக்கிற. அந்தக் கெழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்... இனி அங்க வந்து நான் என்ன செய்யப் போறேன்னு. ஞாயித்துக்கெழமங்கறது பொய். இப்பிடி எனக்காக வாங்கன்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு தெரிஞ்சிருந்தா நான் பேனாவத் தொட்டிருக்க மாட்டேன். சொல்லிட்டா நீ தேய்க்கிறத விட்டுருவ, வெள்ளிக்கெழமையில ஒன் கையப் பாக்க முடியாமப் போயிரும், அதாண்டி சொல்லல... அந்த டின்ன நல்லா இறுக்கி மூடி வை ஷாமிளா. ஒருக்கா பூசுனா ஆறு மாசந்தான் தாங்கும். இன்னும் நாலு தடவ பூசணும்... நாலாவது தடவ பூசுறது காயறதுக்குள்ள வந்துருவேன்.